மஞ்சள் வைத்த கவர்

9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மோனிஷா எழுதுகிறேன். நான் சுகம். அயர்லாந்தில் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பால் வாங்கப் போக வேண்டியிருக்கிறது. அதைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அண்ணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முட்டி வலி தேவலையா?

வீடியோவில்தான் பார்த்துக்கொள்கிறோமே, எதற்கு மெயில் என்று கேட்பீர்கள். பாப்பா உங்கள் மடியில் உட்கார்ந்து போனைப் பிடுங்கும்போது நான் எதைச் சொல்வது? இது நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம்.

நான்கு மாதமாக இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் கேர் அசிஸ்டென்டாக இருக்கிறேன். சேலத்தில் ஆறு வருடம் ஐசியூவில் வென்டிலேட்டர் பார்த்தவள், இங்கே ஒரு பாரசிட்டமால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. குளிப்பாட்டலாம், டயப்பர் மாற்றலாம், சூப் ஊட்டலாம். அந்த வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கொடுக்கிற விசாவில் நான் பெற்ற பிள்ளையை அழைத்து வர முடியாது. இங்குள்ள போர்டு என்னை நர்ஸ் என்று பதிவு செய்தால்தான் பாப்பா என்னிடம் வருவாள்.

அதற்கு நான் படித்த நாமக்கல் ரோட்டுக் காலேஜிலிருந்து மார்க் விவரமும், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தேன் என்ற படிவமும் வர வேண்டும். காலேஜே கவரில் போட்டு, சீல் வைத்து, காலேஜ் முகவரியிலிருந்து நேராகப் போர்டுக்கு அனுப்ப வேண்டும். நம் கை அதில் படக் கூடாது. ஜனவரி 31-க்குள் போய்ச் சேராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் இரண்டு வருடம்.

அவள் அப்பன் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போனதிலிருந்து பாப்பாவுக்கு நீங்களும் அண்ணியும்தான் எல்லாம். காலேஜுக்குப் போய் அவர்களை அனுப்ப வைக்க உங்களைத் தவிர யாரிடம் நான் கேட்பேன்?

அண்ணிக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம்.

மோனிஷா


பரமத்தி வேலூர்
23 ஜூன் 2024

அன்புத் தங்கை மோனிஷாவுக்கு அண்ணன் முருகானந்தம் எழுதிக்கொண்டது. இங்கு மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது. முட்டி வலி அப்படியே இருக்கிறது, மோசமாகவில்லை.

நீ சொன்ன வேலை முடிந்தது. காலேஜில் கிளார்க் வீரபாகு நல்ல மனிதர். இரண்டே நாளில் பிரின்சிபால் கையெழுத்து வாங்கி, சீல் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அஷ்டமி, சனிக்கிழமை நவமி என்பதால் அவசரப்படாமல், புதன்கிழமை நல்ல நேரத்தில் கூரியர் கிளம்பிவிட்டது. நீ இனி கவலையை விடு.

நம் போர்வெல் ரிக் வண்டி ஆந்திரா பக்கம் ஓடுகிறது. மழை பிடித்தால் திரும்பிவிடும். பாப்பா எல்கேஜி போகிறாள். முதல் நாள் அழவே இல்லை. உன் அண்ணி ஸ்ரீதேவிதான் கேட்டில் நின்று அழுதாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

முருகானந்தம்


4 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எல்லோரும் சுகம்தானே?

போர்டிலிருந்து பதில் வந்துவிட்டது. அந்தக் கவரை ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். கூடவே படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறை. நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் குங்குமம். சீல் வைத்த இடத்தில் விபூதி பூசி, அது உதிர்ந்து, சீலே தெரியவில்லை. அனுப்புநர் இடத்தில் காலேஜ் இல்லை, M. முருகானந்தம், பரமத்தி வேலூர் என்று உங்கள் கையெழுத்து!

கவர் யாரோ தனிநபரிடமிருந்து வந்திருக்கிறதாம். அதன்மேல் அடையாளம் தெரியாத பொடி இருக்கிறதாம். பிரித்து ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்களாம். நான் மார்க்கைத் திருத்தியிருப்பேன் என்று நினைக்கிறார்கள், அண்ணா. காலேஜில் இரண்டாவது ரேங்க் வாங்கியவள் நான்.

நம் கை படக் கூடாது என்று எழுதினேனா இல்லையா? நாலாவது பத்தியைத் திறந்து பாருங்கள். கை மட்டுமா பட்டிருக்கிறது? கோயிலுக்கே போய் வந்திருக்கிறது! எந்தக் கோயில்? யார் சொல்லி? அந்த வீரபாகு எதற்குக் கவரை உங்கள் கையில் கொடுத்தார்? நல்ல மனிதராம்!

உடனே மறுபடியும் போங்கள். இந்த முறை அவர்களே அனுப்பட்டும். நீங்கள் கவரைக் கண்ணால் பார்த்தால் போதும்.

பாப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மோனிஷா


18 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீ கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

தப்பு என்னுடையதுதான். "வெளிநாட்டுக்கெல்லாம் காலேஜுல இருந்து போடற வழக்கமில்லீங்க தம்பி, நீங்களே போட்டுருங்க"ன்னு வீரபாகு கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தொலைந்துபோனால் நம் வீட்டுக்குத் திரும்பி வரட்டும் என்றுதான் என் முகவரியை எழுதினேன்.

திருச்செங்கோடு மலைக்குக் கொண்டு போய் சாமி காலில் வைத்து வாங்கினேன். பதினெட்டு வருடமாக ரிக் வண்டி ஒன்றுகூடப் பூஜை போடாமல் என் வாசலை விட்டு இறங்கியதில்லை. வண்டிக்கே அப்படியென்றால், உன் வாழ்க்கையைச் சும்மா அனுப்பி வைப்பேனா? அந்த ஊரில் மஞ்சளைப் பொடி என்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடியும் போகிறேன். பாப்பா சுகம்.

முருகானந்தம்


22 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருக்கிறீர்களா? ஒரு மாதம் தாண்டிவிட்டது, ஒரு வரியைக்கூடக் காணோம். வீடியோவில் கேட்டால் "போய்ட்டுத்தான் இருக்கறேன்"னு சொல்லிப் பாப்பாவின் பக்கம் போனைத் திருப்பிவிடுகிறீர்கள்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பதினாலாம் நம்பர் அறையில் ஒரு தாத்தா. காலையில் முகம் துடைக்கும்போதே அவர் மூச்சு சரியில்லை, கை சில்லென்று இருந்தது, பேச்சு குழறியது. ரத்தத்தில் கிருமி ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி எத்தனை பேரைச் சேலத்தில் பார்த்திருக்கிறேன்! டியூட்டி நர்ஸிடம் ஓடினேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். நீ டீ கொடுக்கிற வேலையைப் பார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பார்த்தேன். பத்துப் பேருக்கு டீ ஊற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. தாத்தா பிழைத்துக்கொண்டார். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நன்றாகக் கவனித்தாய் என்று பாராட்டி ஒரு சாக்லேட் கொடுத்தார். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பாத்ரூமில் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். நீங்கள் கூப்பிடவில்லை. அண்ணியும் கூப்பிடவில்லை.

காலேஜுக்குப் போனீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும்.

மோனிஷா


20 அக்டோபர் 2024

அன்புத் தங்கை மோனிஷாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். பாப்பாவுக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்து இப்போது இறங்கிவிட்டது. ஸ்ரீதேவி கஞ்சியும் கையுமாகவே இருந்தாள். உனக்குச் சொன்னால் பதறுவாய் என்று சொல்லவில்லை.

காலேஜ் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. வீரபாகு லீவில் இருக்கிறாராம். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. ரிக் ஆபீஸில் பூஜை முடிந்து ஆட்கள் எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுத்தோம். இனி தீபாவளி முடிந்தால்தான் யாரையும் பிடிக்க முடியும்.

பாப்பாவுக்கு மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்பாவாடை எடுத்திருக்கிறது. காவிரியில் தண்ணீர் நிறைய வருகிறது.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

முருகானந்தம்


17 நவம்பர் 2024

முருகானந்தம் அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று தெரியும். நீங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

நானே காலேஜுக்குப் போன் போட்டேன். இங்கே விடியும் முன்பே எழுந்து, பதினோரு தடவை அடித்த பிறகு எடுத்தார்கள். எடுத்தது வீரபாகு. லீவில் எல்லாம் இல்லை. இந்த வருடம் ஒருநாள்கூட லீவு போடவில்லையாம். "உங்க அண்ணன் ஜூன் மாசம் வந்ததுதானுங்க, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலீங்களே"ன்னு சொன்னார். அவரே அனுப்பச் சொல்லிக் கேட்டேன். படிவத்தை யாராவது நேரில் கொண்டுவந்து கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் சார்பில் கையெழுத்துப் போட நான் எழுதிக் கொடுத்த பெயர் உன் பெயர்.

எதற்கு இந்தப் பொய்? வேலையா? ஆகஸ்டிலிருந்து ரிக் வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது. தூரமா? பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ்.

யோசித்து யோசித்துப் பார்த்தேன். நினைக்கவே கூடாது என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இனி முடியாது, எழுதிவிடுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. என் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறாள். எனக்கு ரிஜிஸ்டர் ஆகாவிட்டால் அவள் அங்கேயேதான் இருப்பாள். இதுதானே?

இல்லையென்று சொல். சொன்னால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். பாப்பாவை மட்டும் விசாரித்ததாகச் சொல். மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மோனிஷா


8 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்கவில்லை. வீடியோவில் நீ வருவதே இல்லை. அண்ணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பாப்பாவைக் காட்டிவிட்டுப் போகிறார்.

இன்னும் ஐம்பத்து நாலு நாள்.

மோனிஷா


27 டிசம்பர் 2024

மோனிஷாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத இடம் வைக்கவில்லை.

முதலில் வேலை. 23-ஆம் தேதி திங்கட்கிழமை, காலேஜ் கவரில், காலேஜ் முகவரியில், காலேஜ் ஆள் மாதையன் கையால் போர்டுக்குக் கூரியர் போய்விட்டது. ரசீதின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கவரை நான் தொடவில்லை. கிட்டேயே போகவில்லை.

இனி நீ கேட்டது. இல்லையென்று சொல்லச் சொன்னாய். சொல்ல முடியாது.

முதல் தடவை மஞ்சள் வைத்தபோது மனசில் ஒரு துளி கள்ளம் கிடையாது. அதை நீ நம்ப வேண்டும். ஆனால் அது திரும்பிவிட்டது என்று நீ எழுதிய அன்று எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து நானே பயந்தேன். இருந்தாலும் அது போகவில்லை.

செப்டம்பரில் மூன்று தடவை காலேஜுக்குக் கிளம்பினேன். எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்தி, டீ குடித்துவிட்டு, கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, திரும்பி வந்துவிட்டேன். தீபாவளிக்குப் பாவாடை எடுத்தாயிற்று, கட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு மாதம். ஸ்கூல் ஆண்டு விழாவில் பட்டாம்பூச்சி வேஷம் போடப் போகிறாள், அதைப் பார்த்துவிடலாம் என்று இன்னொரு மாதம். தேதி தானாகவே தாண்டிவிட்டால் என்மேல் பழி இல்லை என்று கணக்குப் போட்டேன். பெற்ற அப்பா அம்மா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தவன் நான், எனக்கு இந்த அளவு உரிமை இல்லையா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். இப்படி நினைத்தவன் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

ஸ்ரீதேவியைத் திட்டாதே. அவளிடம் நான் கிளார்க் லீவு என்றே சொல்லி வந்தேன். உன் நவம்பர் மெயில் வந்ததிலிருந்து சோறு இறங்காமல் இருந்தேன். என்னவென்று கேட்டுக் கேட்டு, கடைசியில் போனைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். மறுநாள் சொன்னாள்: "ஏனுங்க, எனக்குப் புள்ள வேணும்னு சாமிகிட்டத்தானுங்க கேட்டேன். உங்க தங்கச்சிகிட்ட இருந்து புடுங்கித் தரச் சொல்லி உங்களக் கேட்டனா? பெத்தவ வயித்தெரிச்சல இந்த ஊட்டுல வச்சுச் சோறு போட்டு வளக்க என்னால ஆகாதுங்க."

நான் அப்போதும் கிளம்பவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். அவள்தான் பாப்பாவை ஸ்கூலில் விட்டுவிட்டு என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "நீங்க ஓட்டறீங்களா, நான் பஸ்ஸுல போகட்டுமா"ன்னு கேட்டாள். ஐந்து நாள் தொடர்ந்து போனோம். பிரின்சிபால் ஒருநாள் மீட்டிங், ஒருநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்றார்கள். வெளிநாட்டுக்கு நாங்கள் அனுப்புவதில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். ஸ்ரீதேவி வீரபாகுவின் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தவள் எழவே இல்லை. மாதையன் கவரை எடுத்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தாள். வீட்டுக்கு வரும் வரை வண்டியில் அழுதுகொண்டே வந்தாள்.

மன்னிப்பு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை.

முருகானந்தம்


13 ஜூலை 2025

அண்ணனுக்கு,

சுகம். அண்ணி சுகமா?

ஆறு மாதமாக நான் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தால் வந்ததெல்லாம் வசைதான். பதினாறு தடவை எழுதி அழித்தேன். கிளார்க்கைத் திட்டினேன், போர்டைத் திட்டினேன், சாக்லேட் கொடுத்த மேனேஜரைத் திட்டினேன். அவர்களெல்லாம் யார் எனக்கு? ஊரில் பத்துப் பேர் என்னை ஏமாற்றியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நீ செய்தாயே!

போர்டு கவரை ஏற்றுக்கொண்டது. பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பாஸ் ஆகிவிட்டேன். மே மாதம் பதிவு எண் வந்தது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதே இல்லத்தில் ஸ்டாஃப் நர்ஸ். வியாழக்கிழமை பாப்பாவின் விசாவும் வந்துவிட்டது. ஆகஸ்ட் 22 கோயம்புத்தூரில் இறங்குகிறேன். பத்து நாள் கழித்து இரண்டு பேரும் கிளம்புகிறோம்.

அம்மா வந்து கூட்டிப் போகப் போகிறாள் என்று பாப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும். அண்ணியைச் சொல்ல வைக்காதே. அவர் செய்ய வேண்டியதற்கு மேலேயே செய்துவிட்டார்.

மோனிஷா


27 ஜூலை 2025

மோனிஷாவுக்கு,

இங்கு சுகம். நீ நர்ஸ் ஆனதைப் படித்து ஸ்ரீதேவி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள். "அத்தையும் வருதா?"ன்னு கேட்டாள். இல்லை சாமி என்றேன். "அப்ப அத்தைக்குச் சோறு யாரு ஊட்டுவா?"ன்னு கேட்டாள். ஸ்ரீதேவி அவளுக்கு ஊட்டும்போது அவளும் ஸ்ரீதேவிக்கு ஒரு வாய் ஊட்டுவாள், அதைச் சொல்கிறாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ வீட்டுக்கு வர வேண்டாம். ஏர்போர்ட் பக்கத்தில் ரூம் போட்டுத் தங்கிக்கொள். கிளம்புகிற அன்று நானே பாப்பாவைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ பத்து நாள் இங்கே இருந்து, ஒவ்வொரு துணியாக மடித்துப் பெட்டியில் வைத்தால் ஸ்ரீதேவி தாங்க மாட்டாள். தைரியசாலி மாதிரி இருப்பாள், இல்லை. அவளைச் சொல்லி என்ன, என்னையே நான் நம்பவில்லை. கடைசி நாளில் பாஸ்போர்ட்டை எங்காவது ஒளித்து வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பாப்பாவின் பாஸ்போர்ட்டை இப்போதே ஸ்ரீதேவியிடம் கொடுத்து, எங்கே வைத்திருக்கிறாய் என்று எனக்குச் சொல்லாதே என்று சொல்லிவிட்டேன்.

முருகானந்தம்


3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமாக இருங்கள், இரண்டு பேரும்.

ரூமெல்லாம் போட முடியாது. என் பிள்ளையைத் திருடியைப் போல ஏர்போர்ட் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போக மாட்டேன். நாளைக்கு அவள் பெரியவளாகி, என்னை எங்கிருந்து கூட்டி வந்தாய் என்று கேட்டால், கார் பார்க்கிங்கிலிருந்து என்றா சொல்வேன்? மாமா வீட்டிலிருந்து, அத்தை கையால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம் என்றுதான் சொல்வேன். அண்ணி அழுதால் அழட்டும். நானும் அழுகிறேன். பெஞ்சில் ஐந்து நாள் உட்கார்ந்தவருக்குப் பக்கத்தில் நான் பத்து நாள் உட்கார வேண்டும்.

பாப்பாவின் துணியை அண்ணியும் நானும் சேர்ந்தே மடிப்போம். வருடத்துக்கு ஒருமுறை அவளைக் கூட்டி வருவேன். இது உங்களுக்காக இல்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்று எனக்கே தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கேட்டைப் பார்த்தீர்கள் என்று எழுதினீர்களே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. அந்த மாதங்களில் நான் இங்கே எப்படித் தூங்கினேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

அதனால் சொல்லிவைக்கிறேன். 22-ஆம் தேதி ஏர்போர்ட்டுக்கு நீங்கள்தான் வண்டி எடுத்து வர வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் உங்களோடு பேச மாட்டேன். சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னாலும் அண்ணியிடம்தான் சொல்வேன். நீங்களாக எதுவும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் நான் பதில் சொல்லிவிடுவேன்.

மோனிஷா